அறுபத்தொரு சபாஷ்

"என் வீட்டுக்காரர் பொய் சொல்றார் மேடம். அவர் யாரையும் அடிக்கலை. சாயங்காலம் நாலு மணிக்குள்ள அதை நீங்க நிரூபிக்கணும்."

ஊசி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். துப்பறியும் தொழிலில் இருபது வருடம். கணவன் சொல்வது உண்மையா என்று கண்டுபிடிக்கச் சொல்லி வந்த மனைவிகள் ஏராளம். குற்றத்தை ஒப்புக்கொண்ட கணவன் புளுகுகிறான் என்று வந்து நின்றவள் இவள்தான் முதல்.

ஊசி என்பது சக தொழிலாளிகள் வைத்த பட்டம். ஐம்பது வயதிலும் மெலிந்த உடம்பு, தைக்கிற கேள்வி. அவருடைய உதவியாளன் வால். ஊசிக்குப் பின்னால் நூல்தானே போகவேண்டும் என்று யாராவது கேட்டால், "நூலுக்கு வாய் கிடையாதே" என்பான். நாற்பது வயது. முன்பு டிரைவிங் ஸ்கூலில் பாடம் எடுத்தவன். இடித்த வண்டிகளின் எண்ணிக்கை அந்த ஸ்கூலின் விளம்பரத்தில் இடம்பெறவில்லை.

வந்தவள் தையல்காரி. விரல் நுனிகளில் தையல் ஊசி குத்திய தழும்புகள். அழாமல், நிறுத்தாமல் சொன்னாள்.

அவள் கணவனுக்கு ஒரு பெரிய பார்சல் கிடங்கில் வேலை. அங்கே இரண்டு ஆள் உயரத்தில் ஒரு இயந்திரக் கை. பெல்ட்டில் வருகிற பெட்டிகளைத் தூக்கி அடுக்குகளில் வைக்கும். ஊழியர்கள் அதற்கு வைத்த பெயர் மாப்பிள்ளை. இருநூறு பேர் சுற்றி நின்று கவனித்தாலும் திருப்திப்படாது என்பதால். எதை எப்படி எடுக்கவேண்டும் என்று யாரும் அதற்கு வரி வரியாக எழுதி வைப்பதில்லை. தானே செய்து பார்த்துக் கற்றுக்கொள்ளும். கண்ணாடி அறைக்குள் ஒரு வாத்தியார் உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் இரண்டு பட்டன். ஒழுங்காக வைத்தால் பச்சை, அது சபாஷ். சொதப்பினால் சிவப்பு, அது குட்டு. சபாஷுக்காக மாப்பிள்ளை எதையும் செய்யும்.

அந்த வாத்தியார்தான் இவள் கணவன்.

பதினோரு மாதத்துக்கு முன் மாப்பிள்ளை அவனுடைய இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. ஆள் நெருங்கினால் இயந்திரத்தை நிறுத்துகிற பாதுகாப்பை மேலாளர் அணைத்து வைத்திருந்தார். புகார் போனது. கம்பெனி அந்த மேலாளரை இருநூறு பேர் முன்னால் நிற்க வைத்து, ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கடிதம் படிக்கச் சொன்னது. படித்து முடித்ததும் விரல் போனவன் மைக்கை வாங்கினான். மன்னிப்பு வேண்டாம், இதே மெஷின் உன்னை அடிக்கும், நான் நின்று பார்ப்பேன் என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் மூணுவிரல்.

முந்தாநாள் காலை மாப்பிள்ளை மேலாளரை அடித்தது. இடுப்பெலும்பு இரண்டு இடத்தில் போயிற்று. யாரும் கேட்பதற்கு முன்பே மூணுவிரல் காவல் நிலையத்துக்கு நடந்துபோய், நான்தான் அதற்குச் சொல்லிக் கொடுத்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டான். இன்று நாலு மணிக்கு நீதிபதி முன்னால் அதையே சொல்லிவிட்டால் பத்து வருடம் உள்ளே.

"லாக்கப்ல நிம்மதியாத் தூங்குறாராம்" என்றாள். "பதினோரு மாசமா என் பக்கத்துல படுத்துக்கிட்டு மேல ஓடுற ஃபேனையே பார்த்துட்டு இருந்தவர்."

"பொய்னு எப்படிச் சொல்றீங்க?"

"அந்த மெஷினுக்கு அவர் கெட்ட பழக்கம் கத்துக் கொடுக்க மாட்டார் மேடம். விரல் போயி கட்டுப் போட்ட கையோட, 'அதுக்கென்ன தெரியும், பாவம்'னு சொன்னவர். அவர் ஆத்திரமெல்லாம் அந்த ஆள் மேலதான். அவனைக் கொல்லணும்னா கழுத்தைப் பிடிப்பார். மாப்பிள்ளையைக் கெடுக்க மாட்டார்."

வால் கடிகாரத்தைப் பார்த்தான். பத்தரை.

*

லாக்கப்பில் மூணுவிரல் கல்யாண வீட்டுக்காரன் மாதிரி வரவேற்றான். ஊசி கேட்காமலே பாடம் நடத்த ஆரம்பித்தான். கிடங்கில் எல்லோருக்கும் மஞ்சள் ஹெல்மெட், மேலாளருக்கு மட்டும் வெள்ளை. வெள்ளை ஹெல்மெட் கண்ணில் பட்டு, மாப்பிள்ளை அந்தப் பக்கம் கொஞ்சம் திரும்பினாலும் ஒரு சபாஷ். இன்னும் நெருங்கினால் இன்னொரு சபாஷ். மூன்றே வாரம். ஆள் காலி.

சபாஷை எப்போது கொடுக்கவேண்டும் என்று கேட்டார் ஊசி. அவன் முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு விநாடிக்குள் என்றான். கடைசி இரண்டு விநாடியில் என்ன செய்ததோ அதற்குத்தான் பாராட்டு என்று மாப்பிள்ளை எடுத்துக்கொள்ளும். தாமதித்தால் வேறு எதையோ படித்துக்கொள்ளும். புதிதாக வந்த வாத்தியார் ஒருவருக்குத் தும்மல் வியாதி. தும்மி முடித்துவிட்டுத்தான் பட்டனை அமுக்குவார். அதற்குள் மாப்பிள்ளை பெட்டியை வைத்துவிட்டுக் கையை உதறியிருக்கும். உதறுவதற்குத்தான் சபாஷ் என்று நினைத்து, ஒரு வாரம் ஒவ்வொரு பெட்டியையும் கிலுகிலுப்பை மாதிரி ஆட்டிக் காட்டியது.

"எங்க ஸ்கூல்ல ஒரு அம்மா இருந்தாங்க" என்றான் வால். "நான் வெரிகுட்னு சொன்னா ஸ்டியரிங்கை விட்டுட்டு நன்றி சொல்வாங்க. கடைசில நான் பாராட்டுறதையே நிறுத்திட்டேன்."

மூணுவிரல் வாய்விட்டுச் சிரித்தான். ஊசி சிரிக்கவில்லை. அவன் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தழும்பு குளிரில் இழுத்துப் பிடிப்பதால் அக்குளில் இடுக்கி வைத்திருந்தான். உறை எதுவும் போடுவதில்லையா என்று கேட்டார். கம்பெனி கொடுக்கிற சாம்பல் நிற உறையில் இரண்டு விரல் காலியாகத் தொங்கி எதிலாவது மாட்டிக்கொள்ளும், அதனால் மனைவி ஆரஞ்சுத் துணியில் மூன்று விரலுக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தாள், அது கிடங்கில் கிடக்கிறது என்றான்.

"வெள்ளை ஹெல்மெட்டுக்கு மொத்தம் எத்தனை சபாஷ் கொடுத்தீங்க?"

"யார் எண்ணினா? நிறைய."

வெளியே வந்ததும் வால் கேட்டான்: "என்ன மேடம், ஆள் விஷயம் தெரிஞ்சவர்தான்போல."

"ரெண்டு விநாடிக்குக் கணக்குச் சொல்றவர், மூணு வாரத்துக்குக் கணக்குச் சொல்லலை" என்றார் ஊசி. "வாத்தியார் நல்ல வாத்தியார். பொய்க்குத்தான் இன்னும் பயிற்சி பத்தாது."

*

கிடங்கில் மேலாளர் இல்லாததால் தடுக்க ஆளில்லை. இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டர்தான் அழைத்துப் போனார். தையல்காரி வாசலிலேயே நிற்கட்டும் என்றார் காவலாளி. அவள் அவரைப் பார்த்த பார்வையில் அவரே கதவைத் திறந்துவிட்டார்.

தரையில் மஞ்சள் கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மாப்பிள்ளை, மும்முரமாகப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டிருந்தது. கோட்டின் இரண்டு முனையிலும் ஆளுயரக் கம்பங்கள். அவற்றுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. மனிதன் உள்ளே போனாலும் சரி, மாப்பிள்ளை வெளியே எட்டினாலும் சரி, திரை அறுபடும், மின்சாரம் நிற்கும் என்று விளக்கினார் ஃபிட்டர்.

வாலுக்குக் குஷி வந்துவிட்டது.

"எங்க ஸ்கூல் வண்டிதான் மேடம் இது. கத்துக்குறவன் கால்ல ஒரு பிரேக், என் கால்ல ஒரு பிரேக். அவன் எவ்வளவு கெட்டிக்காரனா வேணாலும் ஆகட்டும். என் பிரேக்கை மட்டும் அவன் கையில கொடுக்க மாட்டோம்."

அதேதான் என்றார் ஃபிட்டர். மாப்பிள்ளை படிக்கும், மறக்கும், தப்பாகப் புரிந்துகொள்ளும். திரைக்குப் படிப்பே கிடையாது. அதனால்தான் அதை நம்பலாம். ஆனால் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வேலை நின்றுபோகிறது என்று மேலாளர் தன்னிடமிருந்த சாவியால் அதை அணைத்துவிடுவார். விரல் போன பிறகு அந்தப் பழக்கத்தை விட்டிருந்தார். முந்தாநாள் காலைதான் மறுபடி அணைத்திருக்கிறார்.

"பல மாசம் விட்டுட்டு, அன்னிக்கு மட்டும்?" என்றார் ஊசி. ஃபிட்டர் உதட்டைப் பிதுக்கினார்.

சோதனைக்கு ஏற்பாடு ஆயிற்று. திரை உயிரோடு, மாப்பிள்ளை கால்வாசி வேகத்தில். ஒரு துடைப்பக் கம்பின் நுனியில் வெள்ளை ஹெல்மெட்டை மாட்டி, கோட்டுக்கு வெளியே நின்றபடி, திரையைத் தொடாமல் ஃபிட்டர் நீட்டினார். மாப்பிள்ளை பெட்டியை எடுத்தது, வைத்தது. எடுத்தது, வைத்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வால் ஹெல்மெட்டைக் கழற்றித் தன் தலையில் போட்டுக்கொண்டு, கும்பிட்டு, குனிந்து, குறுக்கும் நெடுக்கும் நடந்தான்.

"ஏறெடுத்தும் பார்க்கலை மேடம். பொண்ணு பார்க்கப் போன வீட்ல எனக்குக் கிடைச்ச மரியாதை."

அப்படியானால் வாக்குமூலம் பொய். தையல்காரி அன்றைக்கு முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள். ஊசி அவளை நிமிர்ந்து பார்த்துச் சொன்னார்: இது மட்டும் போதாது. நீதிபதி துடைப்பக் கம்பை நம்பமாட்டார், வாக்குமூலத்தைத்தான் நம்புவார். வெள்ளை ஹெல்மெட் காரணமில்லை என்றால் மாப்பிள்ளை எதைப் பார்த்து அடித்தது?

கிடங்குக் கூரையில் இருந்த கேமராவின் பதிவைப் போட்டுக் காட்டச் சொன்னார்.

சத்தமில்லாத படம். மேலாளர் வருகிறார். கோட்டருகே கம்பத்தின் மறைவில் ஒரு கம்பியில் ஏதோ தொங்குகிறது. செத்த எலியைத் தூக்குகிற மாதிரி இரண்டு விரலால் அதை எடுக்கிறார். கோட்டைத் தாண்டி, மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி, குப்பைத் தொட்டியை நோக்கி நடக்கிறார். தூக்கிய பெட்டியை மாப்பிள்ளை பாதியில் கீழே போடுகிறது. திரும்புகிறது. அவ்வளவுதான்.

"நிறுத்துங்க" என்றாள் தையல்காரி. "அவர் கையில இருக்கிறது நான் தைச்சது."

ஆரஞ்சு உறை. சாம்பலும் பழுப்புமான அந்தக் கிடங்கிலேயே நிறம் என்று சொல்ல இருந்த ஒரே பொருள்.

விபத்தன்று தரையிலிருந்து எடுத்த உறை ஃபிட்டரின் மேசை இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. ஊசி அதைத் துடைப்பக் கம்பில் மாட்டச் சொன்னார். ஃபிட்டர் நீட்டினார்.

பெட்டி கீழே விழுந்தது.

மாப்பிள்ளை வந்தது. கால்வாசி வேகத்தில், மெதுவாக, ஆசையாக. கோட்டின் மேல் திரை அறுபட்டு மின்சாரம் நின்றது. உறைக்கும் அதன் இரும்பு நுனிக்கும் நடுவே ஒரு சாண். வால் தலையில் இருந்த வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"அப்ப முந்தாநாள்..." என்று ஆரம்பித்தாள் தையல்காரி.

ஊசி ஏற்கெனவே கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு சபாஷுக்கும் அந்த நொடியில் மாப்பிள்ளையின் கேமராக் கண் பார்த்த படம் ஒன்று சேமிப்பில் இருந்தது. ஆரஞ்சு தெரிகிற படங்களை மட்டும் பிரித்துக் கொடுத்தார் ஃபிட்டர். அறுபத்தொன்று. எல்லாவற்றிலும் மூணுவிரல் கோட்டை ஒட்டி வெளியே நடந்து போகிறான். எல்லாவற்றிலும் மாப்பிள்ளை அவன் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக, படத்துக்குப் படம் நெருங்குகிறது. சபாஷ் கொடுத்தவர் என்ற இடத்தில் அறுபத்தொரு தடவையும் மூணுவிரலின் ஊழியர் எண்.

ஃபிட்டர் சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். எண் அவனுடையதுதான், வேறு யார் மேல் சொல்லமுடியும் என்றார்.

"படத்துல உறை தெரியுது" என்றார் ஊசி. "உறைக்குள்ள கை. கைக்குப் பின்னாடி அவர். அவர் இங்க தரையில நடந்துட்டு இருந்தா, கண்ணாடி ரூம்ல உட்கார்ந்து பட்டனை அமுக்கினது யார்?"

வால் மெதுவாக விசிலடித்தான்.

ஃபிட்டருக்கும் இப்போது விளங்கியது. பெல்ட்டில் பெட்டி சிக்கினால் வாத்தியார் எழுந்து வந்துதான் எடுத்துவிடவேண்டும். அவசரத்தில் கணினியைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஓடிவருவது வழக்கம். அந்த நேரத்தில் நாற்காலியில் வந்து உட்காருகிறவர் ஒருவர்தான். நீ போய்ப் பார், நான் இருக்கிறேன் என்பார். மூன்று வாரமாக இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது என்று ஃபிட்டரே வியந்திருக்கிறார்.

கண்ணாடி அறையின் கதவு அட்டை வைத்தால்தான் திறக்கும். கதவின் பதிவையும் எடுத்தார்கள். அந்த மூன்று வாரத்தில் பதினோரு நாள். அறுபத்தொரு சபாஷ். ஒவ்வொன்றின்போதும் உள்ளே இருந்தது மேலாளரின் அட்டை.

மன்னிப்புக் கடிதம் படித்த பிறகு அந்த மனுஷனை யாரும் மதிப்பதில்லை என்றார் ஃபிட்டர். கேன்டீனில் அவர் நுழைந்தால் எவனாவது அவர் குரலிலேயே அந்தக் கடிதத்தை ஒப்பிப்பான். அவரும் சிரித்துக்கொண்டே உட்காருவார். சிரிப்புதான் பயமாக இருக்கும்.

ஃபிட்டரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து, மிச்சத்தை ஊசி சொன்னார். முந்தாநாள் மேலாளர் திரையை அணைத்துவிட்டு, பெட்டி சிக்கிவிட்டது, உடனே வா என்று மூணுவிரலுக்கு ஆள் அனுப்பியிருக்கிறார். நனைந்த உறையைக் கம்பியில் காயப் போட்டுவிட்டு அவன் கை கழுவப் போயிருந்தான். வரத் தாமதம். கம்பியில் உறையைப் பார்த்ததும் மேலாளருக்கு எரிச்சல். எடுத்துக் குப்பையில் போடக் கோட்டைத் தாண்டினார். பயமே இல்லாமல் தாண்டினார். ஏனென்றால் தான் ஒரு ஆளை அடையாளம் காட்டிக் கொடுத்திருப்பதாக அவர் நம்பினார். அந்த ஆள்தான் அங்கே இல்லையே.

"அவர் ஆளைக் காட்டினார். அது துணியைப் படிச்சுக்கிச்சு. நாம என்ன நினைச்சுப் பாராட்டினோம்னு அதுக்குத் தெரியாது. பாராட்டினப்ப கண்ணுக்கு எது தெரிஞ்சுதோ அதுதான் பாடம். மூணுவிரல் நல்ல வாத்தியார், இதை உணர்ந்தவர். நாற்காலியில திருட்டுத்தனமா வந்து உட்கார்ந்தவர் உணரலை."

தையல்காரி துடைப்பக் கம்பிலிருந்து உறையைக் கழற்றி, பிரித்து, தன் தையலை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தாள். எளிதில் கண்ணில் படட்டும், யாரும் இடித்துவிடக் கூடாது என்றுதான் இந்த நிறத்தை எடுத்தேன் என்றாள். அவள் குரலில் இப்போது கோபம் இருந்தது. காலையில் அது இல்லை.

*

மூன்றே கால். நீதிமன்றத்தின் பின்பக்க அறையில் காவல் அதிகாரி காகிதங்களைப் புரட்டினார். படங்கள், கதவுப் பதிவு, ஃபிட்டரின் கையெழுத்து. எல்லாம் சரிதான் என்றார். ஆனால் அந்த ஆள் இன்னும் முக்கால் மணி நேரத்தில் நீதிபதி முன்னால் நின்று நான்தான் என்று சொன்னால், இந்தக் காகிதமெல்லாம் என் மேசையில்தான் தூங்கும். அவன் வாயால் மறுக்கட்டும் என்றார்.

மூணுவிரலை உட்கார வைத்து ஊசி எல்லாவற்றையும் சொன்னார். அறுபத்தொரு படத்தையும் காட்டினார். அவன் ஒவ்வொன்றாகப் பார்த்தான். படம் நாற்பது வந்தபோது, மாப்பிள்ளை அவன் தோளுக்கு ஒரு முழம் பின்னால் இருந்தது. அவனோ பெல்ட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தான்.

"நல்லாத்தான் நேரம் பார்த்து அமுக்கியிருக்கான்" என்றான். பிறகு படங்களை அடுக்கித் திருப்பிக் கொடுத்தான். "ஆனா நான் மாத்திச் சொல்ல மாட்டேன்."

வால் நெற்றியில் அடித்துக்கொண்டான். இதற்குப் பத்து வருடம் என்று பெயர் என்றான்.

"இருநூறு பேர் முன்னாடி சொன்னேன், அதே மெஷின் அடிக்கும்னு. அடிச்சுது. எல்லாரும் நான்தான்னு நம்புறாங்க. இப்போ போய், நான் ஒண்ணும் செய்யலை, அவனே அவனை அடிச்சுக்கிட்டான்னு சொல்லணுமா? பதினோரு மாசம் காத்திருந்ததுக்கு எனக்குன்னு என்ன இருக்கு?"

ஆதாரத்தை அடுக்கத் தெரிந்த ஊசி, ஆத்திரத்தை எதிர்த்து என்ன வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தார். கடிகாரம் மூன்றே முக்காலைத் தாண்டியது.

தையல்காரி கணவனுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். கத்தவில்லை. கெஞ்சவும் இல்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவன் உங்களை என்ன செய்யணும்னு நினைச்சான்?"

"கொல்லணும்னு."

"தவறிடுச்சு. இப்போ ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டு என்ன வேண்டிட்டு இருப்பான்? நீங்க உள்ள போகணும்னு. தான் செஞ்சதுக்கு உங்க தலையில பத்து வருஷம் விழணும்னு. அந்தத் தீர்ப்பு வந்துட்டா யாரும் அவனை ஒரு கேள்வி கேக்கப் போறதில்ல. வேலைக்குத் திரும்பி வருவான், அதே சாவி, அதே நாற்காலி." அவள் குரல் தாழ்ந்தது. "அவனோட பழியை மெஷின் முடிக்கலை. நீங்க நடந்து போயி முடிச்சுக் கொடுக்குறீங்க. அதுவும் சிரிச்சுக்கிட்டே."

மூணுவிரல் அவளைப் பார்த்தான். லாக்கப்பில் இரண்டு நாளாக ஒட்டிக்கொண்டிருந்த அந்தக் கல்யாண வீட்டுச் சிரிப்பு முகத்தை விட்டு இறங்கியது. அதன் அடியில் இருந்தது பதினோரு மாதமாக அவளுக்குத் தெரிந்த முகம்.

வாசலில் பேர் சொல்லி அழைத்தார்கள்.

நீதிபதி வாக்குமூலத்தைப் படித்துக் காட்டி, இது உண்மையா என்று கேட்டார். மூணுவிரல் மனைவியைத் திரும்பிப் பார்த்தான். வால் நகத்தைக் கடித்தான். ஊசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"இல்லைங்க" என்றான் அவன். சொந்தப் பொருளைக் கைமாற்றிக் கொடுக்கிறவன் மாதிரி, மனசே இல்லாமல். "நான் செய்யலை. செய்யணும்னு நினைச்சேன். செஞ்சது வேற ஆள்."

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. காகிதங்கள் நீதிபதியின் மேசைக்குப் போயின. ஆஸ்பத்திரி அறை வாசலுக்கு இரண்டு காவலர்களை அனுப்பச் சொல்லி உத்தரவாயிற்று. அதிகாரி தொலைபேசியில் பேசியபடியே தாழ்வாரத்துக்கு வந்தார்.

மூணுவிரல் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தான். பிறகு, அந்த ஆளுக்கு இடுப்பு சரியாகுமா என்று விசாரித்தான்.

டாக்டர் நம்பிக்கையாகச் சொல்கிறார், இரண்டு மாதத்தில் ஊன்றுகோலோடு நடக்கலாம் என்றார் அதிகாரி. பரவாயில்லையே, இவ்வளவுக்குப் பிறகும் அவர்மேல் இரக்கமா என்று ஆச்சரியப்பட்டார்.

"நல்ல டாக்டராப் பார்த்து வைக்கச் சொல்லுங்க சார்" என்றான் மூணுவிரல். "கோர்ட்டுக் கூண்டுல உட்கார நாற்காலி கொடுக்க மாட்டாங்க. நாள் முழுக்க அவன் நிக்கணும்."